டெர்னிக்ஸுக்கு வைத்த பொட்டு

டெர்னிக்ஸ் என்ற பெயரை இன்றைக்கு யாரிடமாவது சொன்னால், வயிற்று வலிக்குப் போடுகிற மாத்திரையா என்று கேட்பார்கள். கம்ப்யூட்டரை வைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கும் தெரியாது. அருணகிரிக்கு மட்டும் அந்தப் பெயர் காதில் விழுந்தால் முதலில் உள்ளங்கை வியர்க்கும், கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு வரும். இரண்டுக்கும் காரணம் எண்பத்தாறாம் வருஷத்து ஆயுத பூஜை.

அப்போது அவனுக்கு இருபத்து நாலு வயது. திருவண்ணாமலையில் டாக்டர் இராமலிங்கத்தின் கண் ஆஸ்பத்திரியில் வேலை. இருபது கட்டில், ஒரு ஆபரேஷன் அறை, காசி என்று ஒரு கம்பவுண்டர், சந்திரம்மாள் என்று ஒரு ஆயா, அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. ஆனால் டாக்டர் வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய காரியம் ஒன்று செய்வார். கீழ்பென்னாத்தூர், அடி அண்ணாமலை என்று சுற்றுப்பட்டில் எட்டு ஊர்களுக்குப் போய் முகாம் போட்டு, கண்புரை வந்தவர்களைப் பார்த்துக் குறித்து வைப்பார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மெட்ராஸிலிருந்து இரண்டு டாக்டர்கள் வருவார்கள். மூன்று பேருமாகச் சேர்ந்து மூன்றே நாளில் அத்தனை பேருக்கும் காசு வாங்காமல் ஆபரேஷன் செய்து அனுப்புவார்கள். பக்கத்துச் சத்திரத்தில் பாய் போட்டுப் படுக்க வைப்பார்கள். அந்த வருஷம் நூற்று நாற்பத்து மூன்று பேர்.

கம்ப்யூட்டர் ஆஸ்பத்திரிக்கு வந்ததே ஒரு கதை. ரமணாசிரமத்துப் பக்கம் அறை எடுத்து ஒன்றரை வருஷம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், டாக்டரிடம் கண் காட்டிக்கொண்டிருந்தவர், ஊருக்குத் திரும்பும்போது தன் மிஷினைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு பெட்டி, ஒரு டிவி மாதிரி திரை, டிஸ்க் போடுகிற வாய் இரண்டு, ஒரு பிரிண்டர். மிஷினுக்கு உயிர் கொடுக்கிற டிஸ்க் ஒன்றே ஒன்று. கையகலக் கறுப்புச் சதுரம். அதை முதல் வாயில் போட்டால்தான் மிஷின் எழுந்திருக்கும். இரண்டாவது வாயில் போடுகிற டிஸ்கில் நாம் எழுதி வைப்பது இருக்கும். அந்த முதல் டிஸ்கில் இருந்ததுதான் டெர்னிக்ஸ்.

அந்தக் காலத்தில் பெரிய காலேஜ்களில் யூனிக்ஸ் என்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. விலையோ யானை விலை, குதிரை விலை. அது என்னென்ன செய்கிறது என்று பார்த்து, அதிலிருந்து ஒரு வரியைக் கூட எடுக்காமல், அதே வேலையெல்லாம் செய்கிற மாதிரி அமெரிக்காவில் ஒரு சின்னக் கம்பெனிக்காரர்கள் சொந்தமாக எழுதி விற்றது டெர்னிக்ஸ். அருணகிரி வேலூரில் ஆறு மாதம் அசல் யூனிக்ஸில் படித்தவன். இங்கே வந்து முதல் நாள் அங்கே தட்டியதையே தட்டிப் பார்த்தான். அதே பதில் வந்தது. அன்றைக்கு அவன் தரையில் நடக்கவில்லை.

"என்ன இருந்தாலும் டூப்ளிகேட்தானே?" என்பான் கம்பவுண்டர் காசி. அவனுக்கு அருணகிரியைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

"டூப்ளிகேட் இல்ல காசி. ஒருத்தர் போட்டிருக்கிற சட்டையைப் பாத்துட்டு, டெய்லர் வேற துணி எடுத்து, வேற நூல் போட்டு அதே மாதிரி தைக்கிறாரு. அது திருட்டா?"

"திருட்டு இல்ல. ஆனா கம்மி வெலைச் சட்டை."

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்னொன்றைப் பார்த்துச் செய்த அந்தக் கம்பெனிக்காரர்கள், தங்கள் டிஸ்கை யாரும் நகல் எடுக்கக் கூடாது, எடுத்தால் குற்றம் என்று புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அச்சடித்திருந்தார்கள். வெள்ளைக்காரரும் போகும்போது டாக்டரிடம் அதைச் சொல்லி, கையடித்து வாக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டார். டாக்டர் சொன்ன சொல் மாறாதவர். "ஒண்ணுன்னா ஒண்ணுதான் அருணகிரி. அவங்க பொருள் அது" என்று சொல்லிவிட்டார். ஆக, ஊரிலே மட்டுமில்லை, அருணகிரிக்குத் தெரிந்த வரை இந்தத் தேசத்திலேயே அந்த ஒரு டிஸ்க்தான்.

முகாமில் பார்த்தவர்களின் விவரத்தை எல்லாம் அருணகிரி ஒரு மாதம் உட்கார்ந்து மிஷினில் ஏற்றினான். பேர், ஊர், எந்தக் கண், சர்க்கரை எவ்வளவு, ரத்தக் கொதிப்பு எவ்வளவு, யாரைச் சர்க்கரை குறைந்த பிறகுதான் தொடலாம், எந்த ஊருக்கு எந்த வேன். ஏற்றி முடித்ததும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியே ஒட்டடை அடித்துக் கழுவிக்கொண்டிருந்தபோது, முகாமில் எழுதிய சீட்டுக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து சந்திரம்மாள் கேட்டாள்.

"தம்பி, இத எங்க வைக்கிறது? இடத்த அடைக்குது."

"எல்லாம் மிஷின்ல இருக்கு சந்திரம்மா. இனிமே காகிதம் எதுக்கு? அடுப்புல போடுங்க."

அவள் கொதிநீர் அடுப்பில் போட்டாள். ஒரு மாதத்து வேலை ஒரு அண்டா வெந்நீர் ஆயிற்று.

மறுநாள் பூஜை. ஆபரேஷன் அறைக்கு வெளியே ஒரு மேஜையில் சாமி படம், பொரி, கடலை, வாழைப்பழம். பெரிய எவர்சில்வர் தட்டில் கத்தரி, இடுக்கி, டார்ச், கண்ணாடிப் பெட்டி எல்லாம் அடுக்கியிருந்தது. அவரவர் ஆயுதத்துக்கு அவரவர் பொட்டு வைப்பது அங்கே வழக்கம். காசி மருந்து ஆழாக்குக்கு வைத்தான். சந்திரம்மாள் துடைப்பத்துக்கும் வாளிக்கும் வைத்தாள். அருணகிரி மிஷினின் நெற்றிக்கு வைத்தான், பிரிண்டருக்கு வைத்தான். அப்புறம்தான் தோன்றியது, இதெல்லாம் வெறும் பெட்டி, உயிர் டிஸ்கில் அல்லவா இருக்கிறது என்று.

அந்த டிஸ்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கறுப்பு உறையின் இரண்டு பக்கமும் ஒரு நீள்வட்டத் திறப்பு இருக்கும். அதன் வழியாக உள்ளே இருக்கிற பழுப்புத் தகடு தெரியும். பொட்டு வைப்பதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். அங்கே விரல் படக் கூடாது என்று வேலூரில் தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அருணகிரி படித்தவன், மறப்பானா? விரலால் தொடவே இல்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளி, அதைச் சந்தனத்தில் தொட்டு, மேல்பக்கத் திறப்பில் கடுகளவு வைத்து, நடுவில் துளி குங்குமமும் வைத்தான். டிஸ்கைத் தட்டில் இடுக்கிக்குப் பக்கத்தில் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அன்றைக்கு ஊரில் பொட்டில்லாத திருகாணி கூடக் கிடையாது.

விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து வந்தான். வைத்த பொட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துச் சுத்தமாகத் துடைத்தான். டிஸ்கை முதல் வாயில் போட்டு மிஷினைத் தட்டினான். கர்ரென்று ஒரு சத்தம், அம்மியில் எதையோ இழுக்கிற மாதிரி. திரையில் ஒன்றும் வரவில்லை. எடுத்தான், ஊதினான், போட்டான். மறுபடியும் கர்ர்.

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டிஸ்க் வாய்க்குள் பஞ்சை விட்டுத் துடைத்தான். இரண்டாவது வாயில் போட்டுப் பார்த்தான். பத்துத் தடவை பார்த்தான். பெயர்கள் இருந்த டிஸ்க் உறைக்குள் பத்திரமாக இருந்தது. இருந்து என்ன? டெர்னிக்ஸ் எழுந்தால்தானே அதைப் படிக்க முடியும்.

டாக்டர் கதவோரம் வந்து நின்றார். "ஓடுதா?"

"கொஞ்சம் தகராறு பண்ணுது சார். பாத்துடறேன்."

டாக்டர் முகம் விழுந்துவிட்டது. எதுவோ சொல்ல வாயெடுத்தார், சொல்லாமல் போய்விட்டார். அன்று முழுவதும் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பினார். சீட்டை எரிக்கச் சொன்னது தெரிந்துவிட்டது, பொட்டு வைத்ததும் தெரிந்துவிட்டது என்று அருணகிரி முடிவு கட்டினான். வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள். வியாழன் சாயங்காலம் வேன் வரும், மாற்றுத் துணியோடு ரெடியாக இருங்கள் என்று நூற்று நாற்பத்து மூன்று பேருக்கும் சொல்லியாகிவிட்டது. எட்டு ஊரில் போய் மறுபடியும் ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்க நாள் இல்லை. மெட்ராஸ் டாக்டர்களை விட்டால் தை மாதம்தான். பார்வை இருட்டிக்கொண்டு வருகிற சனங்களிடம் தை மாதம் வாருங்கள் என்று எந்த வாயால் சொல்வது? டாக்டர் சொல்லிவிடுவார். அப்படிச் சொல்ல வைத்தது தான்தான் என்பது அவனுக்குத் தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் வேலூருக்குப் போனான். படித்த இடத்தில் அசல் யூனிக்ஸ் இருக்கிறதே, அதில் போட்டு எடுத்துவிடலாம் என்று நம்பிக்கை. அங்கே இருந்த வாத்தியார், பேர்கள் இருந்த டிஸ்கை வாங்கிப் போட்டார். யூனிக்ஸ் ஒன்றும் தெரியவில்லை என்றது.

"சார், ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லைன்னு சொல்வாங்களே."

"பேசறது ஒரே மாதிரி பேசும்பா. டிஸ்குல எழுதி வைக்கிறது அவங்கவங்க சொந்த வழி. டெர்னிக்ஸ் எழுதினத டெர்னிக்ஸ்தான் படிக்கும். இன்னொரு காப்பி வெச்சிருப்பீங்களே?"

அருணகிரி டிஸ்கை வாங்கிக்கொண்டு கிளம்பினான். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வேலையை விட்டுவிட்டு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டே வந்தான்.

புதன்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்கு பக்ருதீன் பாய் வந்தார். தேரடி வீதியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு விசா படம் எடுத்தே தலை நரைத்தவர். முகாமைப் படம் எடுப்பது வருஷாவருஷம் அவர்தான். எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்க வந்தவர் அருணகிரியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னா தம்பி, மூணு நாள் சோறு தின்னாத மாதிரி இருக்கற?"

யாரிடமாவது சொன்னால் போதும் என்று இருந்தவன் ஒன்று விடாமல் கொட்டிவிட்டான். வெற்றிலைக் காம்பு வரைக்கும் சொன்னான். பாய் சிரிக்கவில்லை. டிஸ்கை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உள்ள இருக்கறது இன்னாது?"

"பிலிம் மாதிரி ஒண்ணுங்க பாய். மேல மருந்து பூசியிருப்பாங்க."

"பிலிம்னா கழுவ வேண்டியதுதானே."

"தண்ணியிலயா? தண்ணி படவே கூடாதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்குங்க."

"பொட்டு வைக்கலாம்னு போட்டிருந்துச்சா?" என்றார் பாய். "செத்துப் போச்சுன்னு நீயே சொல்ற. இதுக்கு மேல இன்னா ஆகப் போவுது? ரெண்டு புது டிஸ்க எடுத்துக்கினு வா."

ஸ்டூடியோவில் பாய் கதவைச் சாத்தினார். மின்விசிறியை நிறுத்தினார், தூசி பறக்குமாம். பிளேடால் உறையின் ஓரத்தைக் கீறி, உள்ளே இருந்த வட்டத்தை நடு ஓட்டையில் இரண்டு விரல் விட்டு வெளியே எடுத்தார். நெகட்டிவை எடுக்கிறவர் கை, மேலே எங்கேயும் படவில்லை. மேல்பக்கத்தைப் பார்த்தார். மங்கலாகச் சந்தனக் கறை, இருந்தும் இல்லாத மாதிரி. திருப்பினார். கீழ்ப்பக்கம் சுற்றிலும் கெட்டியாகச் சிவப்பு வளையம்.

"தம்பி, நீ எந்தப் பக்கம் வெச்ச?"

"மேலங்க. கடுகளவுதான். அதையும் தொடச்சிட்டேன்."

"அதான் பாக்கறேன். கீழ ஒரு கட்டைவெரல் குங்குமம் இருக்கு. மிஷின்ல சுத்தி வளையமா ஆயிருக்கு. சந்தனமே இல்ல, வெறும் குங்குமம். ரெண்டு பேரோட பக்தி இது."

அருணகிரிக்கு முதலில் சந்திரம்மாள் ஞாபகம்தான் வந்தது. பூஜை முடிந்து தட்டைத் தூக்கி வைக்கிறவள் அவள்தான். அவளைக் கேட்டால் வைத்தாளோ இல்லையோ, அழுதுகொண்டே ஆமாம் என்று ஒத்துக்கொள்வாள். பழி அவளோடு போய்விடும். அந்த நினைப்பு வந்ததற்கே அவனுக்கு வெட்கமாக இருந்தது. சீட்டை எரிக்கச் சொன்னது அவள் இல்லையே.

பாய் பிலிம் கழுவுகிற சுத்தத் தண்ணீரைத் தட்டில் ஊற்றினார். ஒரு சொட்டு சோப்பு. வட்டத்தை மெதுவாகச் சுற்றிச் சுற்றி அலசினார். தண்ணீர் சிவந்தது. கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினார். ஐந்து தண்ணீர் மாற்றிய பிறகு நிறம் வரவில்லை. துடைக்கக் கூடாது, கீறல் விழும் என்று நெகட்டிவ் காயப் போடுகிற கம்பியில் நடு ஓட்டையைக் கோத்துத் தொங்கவிட்டார். இரண்டு பேரும் டீ வாங்கி வந்து குடித்தார்கள். பாய் தன் மகள் மெஹ்ருன்னிசாவுக்குப் பார்த்திருக்கிற ஆரணி மாப்பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அருணகிரி ம் கொட்டினானே தவிர ஒரு வார்த்தையும் மண்டையில் ஏறவில்லை. நன்றாகக் காய்ந்த பிறகு, புது டிஸ்க் ஒன்றின் உறையைக் கீறி, அதன் வட்டத்தைத் தூர எடுத்து வைத்துவிட்டு, கழுவியதை உள்ளே நுழைத்து ஓரத்தை ஒட்டினார்.

"காசு குடுக்காத. ஓடுச்சின்னா சொல்லியனுப்பு, ஓடலைன்னாலும் சொல்லியனுப்பு" என்றார்.

ஆஸ்பத்திரியில் மதியச் சாப்பாட்டு நேரம். யாரும் இல்லை. டிஸ்க் வாய்களை ஸ்பிரிட் போட்டு இன்னொரு தடவை துடைத்துவிட்டு, அருணகிரி டிஸ்கைப் போட்டுத் தாழைத் திருப்பினான். கண்ணை மூடிக்கொண்டான். டக் டக் என்று சத்தம் வந்தது. கர்ர் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது திரையில் ஆங்கிலத்தில் டெர்னிக்ஸ் என்று பச்சையாக நின்றது, கீழே அது அவன் சொல்லுக்குக் காத்திருந்தது.

அவன் முதலில் செய்தது என்ன தெரியுமா? பேர்களை எடுக்கவில்லை. மிச்சமிருந்த புது டிஸ்கை இரண்டாவது வாயில் போட்டு டெர்னிக்ஸை நகல் எடுத்தான். அலமாரியிலிருந்து இன்னும் இரண்டை எடுத்து வந்து அவற்றிலும் எடுத்தான். கம்பெனிக்காரன் வந்து கையைப் பிடித்திருந்தால் கடித்திருப்பான். அதற்குப் பிறகுதான் பெயர் டிஸ்கைப் போட்டுப் பிரிண்டரைத் தட்டினான். கீழ்பென்னாத்தூர் மணியம்மாள், வலது கண், சர்க்கரை இல்லை. அடி அண்ணாமலை தருமன், இடது கண், சர்க்கரை ஜாஸ்தி, முதலில் மருந்து. காகிதம் மடிப்பு மடிப்பாக வந்து தரையில் விழுந்தது. அவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அழுதான். அழுகிறோம் என்பது கொஞ்சம் கழித்துத்தான் அவனுக்கே தெரிந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு, காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனான். டாக்டர் சாப்பாட்டுக் கேரியரைத் திறக்காமலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"லிஸ்டு வந்துடுச்சுங்க சார். நூத்தி நாப்பத்தி மூணு பேரும் இருக்காங்க."

டாக்டர் காகிதத்தை வாங்கினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரலை ஓட்டினார். 

"சார், இன்னொண்ணும் சொல்லணும். மூணு காப்பி எடுத்துட்டேன். உங்க வாக்கை மீறிட்டேன்."

"மூணா?" டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னும் ரெண்டு எடுத்து வை. பாவம் வந்தா நான் வாங்கிக்கிறேன்."

"அதோட, டிஸ்கு கெட்டதுக்குக் காரணம் நான்தான் சார். பூஜையன்னிக்கு அதுக்குப் பொட்டு வெச்சேன். சீட்டை எரிக்கச் சொன்னதும் நான்தான். சந்திரம்மாவைக் கேக்காதீங்க. வேற யாரோ கீழ்ப்பக்கம் வெச்சிருக்காங்க, யாருன்னு தெரியல. ஆனா ஆரம்பிச்சது நானு. என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீ மேல வெச்சியா?"

"ஆமாங்க."

"நீ போனப்பறம் நான் சாமி கும்பிட வந்தேன். தட்டுல எல்லாத்துக்கும் பொட்டு இருக்குது, அது மட்டும் மொட்டையா இருக்குது. குப்புறக் கெடந்திருக்கும் போல. நம்ம அருணகிரி படிச்ச பையன், இதெல்லாம் நம்ப மாட்டான், அதான் வெக்காம போயிட்டான், போவட்டும்னு நானே கட்டைவெரலால வெச்சி, அப்படியே அதோட காகித உறையில சொருகிட்டேன்." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "மறுநாள் நீ தகராறு பண்ணுதுன்ன பாரு, அப்பவே புரிஞ்சிபோச்சி. உன்கிட்ட வந்து சொல்ல வாய் வரலப்பா. எட்டு ஊரு சனத்த நானே கவுத்துட்டேன்னு நெனச்சிக்கினு கெடந்தேன். நேத்து ஒருத்தருக்கு இமையில சின்னக் கட்டி எடுக்கணும், அஞ்சு நிமிஷ வேலை. கை நடுங்குது. அடுத்த வாரம் வாங்கன்னு அனுப்பிட்டேன்."

 மூன்று நாளாக அருணகிரி அவர் கோபம் என்று நினைத்துப் பயந்தது எல்லாம், அவர் இவனைப் பார்த்துப் பயந்து ஒதுங்கியதா? அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. டாக்டரும் சிரித்தார். சத்தம் கேட்டுக் காசி வெளியே இருந்து கதவைத் தட்டி, என்னங்க சார் என்று கேட்டான். ஒன்றுமில்லை போடா என்றார் டாக்டர்.

பிறகு அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, வலது கையை மேஜைக்கு மேல் நீட்டினார். ஐந்து விரலையும் விரித்துப் பிடித்தார்.

"பாரு" என்றார்.

அருணகிரி குனிந்து பார்த்தான். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் பார்த்தான். கை ஆடவே இல்லை.